டிசம்பர் 31-க்குள் பல் காப்பீட்டை முறையாகப் பயன்படுத்துவது எப்படி? அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

நியூஜெர்சியில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் காப்பீட்டுக் கணக்குகளைப் பார்ப்பது என் வேலை. தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை காலையிலிருந்தே தொலைபேசி ஓயாது. "இன்ஷூரன்ஸில் இன்னும் 1,200 டாலர் இருக்கு, இந்த மாதத்துக்குள்ள கிரவுன் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள் (கிரவுன் என்பது சேதமான பல்லின் மேல் போடும் உறை). பலருக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. காப்பீட்டில் பணம் இருக்கும், எங்களிடம் நேரம் இருக்காது. நம்மவர்கள் பலர் இதே இடத்தில் மாட்டிக்கொள்வதைப் பார்த்ததால்தான், எதை எப்போது செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

பல் காப்பீட்டு அட்டை (மருத்துவக் காப்பீட்டு அட்டை வேறு, பலர் அதைத்தான் நீட்டுகிறார்கள்), காப்பீட்டு நிறுவன இணையதளத்தின் உள்நுழைவு, கடைசி கிளீனிங் நடந்த தேதி, கடைசியாக முழுவாய் எக்ஸ்ரே எடுத்த ஆண்டு. இந்த ஆண்டு வேறு மருத்துவரிடம் போயிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே செலவானதும் உங்கள் கணக்கில்தான் கழிந்திருக்கும், எங்கள் திரையில் அது தானாகத் தெரியாது.

2. உங்கள் திட்டம் எந்த வகை, அதன் ஆண்டு எப்போது முடிகிறது?

வேலையிடத்தில் கிடைக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை பிபிஓ, அதாவது விரும்பிய மருத்துவரிடம் போக விடும் வகை. அதில் ஓர் ஆண்டில் நிறுவனம் தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 1,000 முதல் 2,000 டாலர் வரை இருப்பது வழக்கம். மீதித் தொகை ஆண்டு முடிந்ததும் போய்விடும். அடுத்த ஆண்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோக விடும் திட்டங்கள் சில உண்டு, ஆனால் அதற்கும் அந்த ஆண்டில் ஒருமுறையாவது மருத்துவரிடம் போயிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும்.

டிஎச்எம்ஓ திட்டம் (நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும் போகும் வகை) என்றால் பொதுவாக உச்சவரம்பே கிடையாது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று ஒரு பட்டியல் இருக்கும், அதன்படி நீங்கள் கட்டுவீர்கள். அப்படியானால் டிசம்பர் அவசரம் உங்களுக்கு இல்லை.

இன்னொன்று, எல்லாத் திட்டமும் டிசம்பர் 31-ல் முடிவதில்லை. சில நிறுவனங்களில் ஜூலை முதல் ஜூன் வரை ஓர் ஆண்டு. இதைப் பார்க்காமல் டிசம்பரில் ஓடி வந்தவர்களும் உண்டு, ஜூனில் பணத்தைக் கோட்டைவிட்டவர்களும் உண்டு.

3. காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியவை

இணையதளத்தில் மீதித் தொகை மட்டும் பளிச்சென்று தெரியும். விதிகள் உள்ளே எங்கோ இருக்கும். அதனால் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. பேசியவரின் பெயர், தேதி, அழைப்பு எண் மூன்றையும் எழுதி வையுங்கள்.

- உச்சவரம்பில் எவ்வளவு மீதி? கிளீனிங், எக்ஸ்ரே செலவும் அதில் கழிகிறதா?
- டிடக்டிபிள் (நிறுவனம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) கட்டியாகிவிட்டதா? ஆளுக்கு 50 டாலர் என்பது பரவலான தொகை.
- ரூட் கெனால் (பல் வேருக்குள் கெட்டுப்போனதை எடுத்து அடைப்பது) எந்த வகுப்பு? பரிசோதனைக்கு 100, ஃபில்லிங் போன்றவற்றுக்கு 80, கிரவுன் போன்றவற்றுக்கு 50 விழுக்காட்டை நிறுவனம் தருவது வழக்கமான அமைப்பு. ரூட் கெனாலைச் சில திட்டங்கள் 80-லும் சில 50-லும் வைத்திருக்கின்றன. உங்கள் செலவை அதிகம் மாற்றுவது இந்த ஒரு கேள்விதான்.
- கிரவுனுக்குப் பல்லைச் செதுக்கிய தேதியில் பணம் தருகிறீர்களா, கிரவுனை ஒட்டிய தேதியிலா? இதன் அவசியம் 7-ஆம் பகுதியில் புரியும்.
- கிளீனிங் ஆண்டுக்கு இரண்டு முறையா, ஆறு மாதத்துக்கு ஒரு முறையா?

கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் மறுக்கப்படும் சின்னச் சின்ன பில்கள் நிறைய இதனால்தான் வருகின்றன. ஜூலை 10-ல் கிளீனிங் செய்தவர் டிசம்பர் 28-ல் வந்தால், "ஆண்டுக்கு இரண்டு" என்ற திட்டத்தில் செல்லும். "ஆறு மாதத்துக்கு ஒன்று" என்ற திட்டத்தில் செல்லாது. பதின்மூன்று நாள் முன்னதாக வந்ததற்காக முழுத் தொகையையும் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான்.

4. அக்டோபரிலேயே பரிசோதனைக்குப் போங்கள்

கிளீனிங்கையும் பரிசோதனையையும் ஆண்டுக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வதுதான் வரிசையில் வரும் முதல் தவறு. என்ன சிகிச்சை வேண்டும் என்பதே பரிசோதனையில்தான் தெரியவரும். அதற்குப் பிறகு முன்மதிப்பீடு (எவ்வளவு தருவோம் என்று காப்பீட்டு நிறுவனம் முன்கூட்டியே சொல்வது) கேட்க வேண்டும், அது வர மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். கிரவுன் என்றால் ஆய்வகத்தில் செய்து வர இன்னும் இரண்டு மூன்று வாரம். பல ஆய்வகங்கள் கிறிஸ்துமஸ் வாரத்தில் மூடியிருக்கும். பின்னாலிருந்து எண்ணினால் அக்டோபர் நடுப்பகுதி வந்துவிடும்.

பரிசோதனை முடிந்ததும் சிகிச்சைத் திட்டத்தை அச்சில் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் பல் எண்ணும் 'டி' என்று தொடங்கும் குறியீடும் இருக்க வேண்டும். டி1110 பெரியவர்களின் கிளீனிங், டி3330 கடைவாய்ப்பல் ரூட் கெனால், டி2950 கிரவுனுக்கு அடியில் பல்லைக் கட்டியெழுப்பும் பில்டப், டி2740 பீங்கான் கிரவுன். "கிரவுனுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பதில் வரும். குறியீட்டைச் சொல்லிக் கேட்டால் உங்களுக்கான பதில் வரும்.

கூடவே மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: "இவற்றில் எது காத்திருக்கக் கூடாது?" அவர் சொல்லும் வரிசையை அந்தத் தாளிலேயே 1, 2, 3 என்று எழுதி வாங்குங்கள். மற்ற கணக்கெல்லாம் இந்த எண்களுக்குக் கீழே வருவதுதான். சீழ் வைத்த பல், முகத்தில் வீக்கம், இரவில் தூங்கவிடாத வலி இவற்றை ஜனவரிக்குத் தள்ளி வைக்கவே கூடாது. வீக்கத்தோடு காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

5. "டீப் கிளீனிங் வேண்டும்" என்று சொன்னால்

டீப் கிளீனிங் என்பது ஈறுக்கு அடியில் வேர்ப்பகுதியைச் சுத்தம் செய்வது. சாதாரணக் கிளீனிங்குக்கு வந்தவரிடம் இப்படிச் சொன்னதும் பாதிப் பேர் முகம் மாறிவிடும். ஏமாற்றுகிறார்களோ என்ற எண்ணம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் மில்லிமீட்டரில் அளப்பார்கள். அந்த அட்டவணையின் நகலைக் கேளுங்கள். 1 முதல் 3 வரை இருந்தால் நலம். 4, 5, 6 என்று பல இடங்களில் இருந்து, எக்ஸ்ரேயில் எலும்பும் குறைந்திருந்தால் சிகிச்சை உண்மையில் தேவை. காப்பீட்டு நிறுவனமும் இதே இரண்டையும் பார்த்துத்தான் டி4341 என்ற டீப் கிளீனிங் குறியீட்டுக்குப் பணம் தரும்.

இன்னும் சந்தேகம் என்றால் இரண்டாவது கருத்துக்குப் போங்கள். எக்ஸ்ரே நகலைக் கேட்டுப் பெறுவது சட்டப்படி உங்கள் உரிமை. நகல் இல்லாமல் போனால் புது இடத்தில் மறுபடி எடுப்பார்கள், அதைக் காப்பீடு ஏற்காமல் போகலாம்.

6. முன்மதிப்பீடு வாங்குங்கள்

சில நூறு டாலருக்கு மேல் போகும் எந்த வேலைக்கும், மருத்துவமனை வழியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்மதிப்பீடு அனுப்பச் சொல்லுங்கள். செலவில்லை, கேட்டால் போதும்.

மூன்று விஷயங்கள் அதில் வெளியே வரும். ஒன்று, காத்திருப்புக் காலம். கிரவுன் போன்ற பெரிய வேலைகளுக்குத் திட்டத்தில் சேர்ந்து 6 அல்லது 12 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று சில திட்டங்களில் இருக்கும். இரண்டு, குறைந்த விலை மாற்று. கடைவாய்ப்பல்லில் வெள்ளை ஃபில்லிங் வைத்தாலும் வெள்ளி நிற ஃபில்லிங்குக்கான பணத்தைத்தான் தருவோம் என்பார்கள். மூன்று, திட்டத்தில் சேரும் முன்பே விழுந்துவிட்ட பல்லுக்கு மாற்றுப் பல் கட்டத் தரமாட்டோம் என்ற விதி. பாலத்துக்கும் (பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு கட்டும் பல்) இம்பிளான்டுக்கும் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) திட்டமிடுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முன்மதிப்பீடு வந்துவிட்டால் பணம் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். அது வந்த பிறகு வேறு இடத்தில் ஒரு ஃபில்லிங் செய்திருந்தாலும் மீதித் தொகை குறைந்திருக்கும்.

7. வேலையை இரண்டு ஆண்டுகளாகப் பிரிப்பது

காப்பீட்டில் எண்ணப்படுவது சிகிச்சை நடந்த தேதி. நீங்கள் பணம் கட்டிய தேதிக்கோ பில் அனுப்பிய தேதிக்கோ இங்கே வேலையில்லை. "டிசம்பரிலேயே முன்பணம் கட்டிவிடுகிறேன், வேலையை ஜனவரியில் வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களுக்கு அதனால் பயனில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். உச்சவரம்பு 1,500 டாலர். கிளீனிங்கில் 300 போய் 1,200 மீதி. டிடக்டிபிள் 50 இன்னும் கட்டவில்லை. ஒரு கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் 1,000, பில்டப் 200, கிரவுன் 1,100. இன்னும் இரண்டு பல்லில் ஃபில்லிங், மொத்தம் 400. ஆக 2,700 டாலர் வேலை. ரூட் கெனாலுக்கும் ஃபில்லிங்குக்கும் 80 விழுக்காடு, பில்டப்புக்கும் கிரவுனுக்கும் 50.

எல்லாவற்றையும் டிசம்பரிலேயே முடித்தால் நிறுவனம் 1,200 தந்து நிறுத்திக்கொள்ளும். உங்கள் பங்கு 1,500.

பிரித்துப் பாருங்கள். டிசம்பரில் ரூட் கெனால்: 1,000-ல் டிடக்டிபிள் 50 போக 950-க்கு 80 விழுக்காடு, 760. பில்டப்புக்கு 100. ஃபில்லிங்குக்கு 320. ஆக 1,180, வரம்புக்குள் அடங்கிவிட்டது. ஜனவரியில் கிரவுன்: புது ஆண்டின் டிடக்டிபிள் 50 போக 1,050-ல் பாதி, 525. நிறுவனம் தந்தது மொத்தம் 1,705. உங்கள் பங்கு 995. அதே வேலைதான், 505 டாலர் மிச்சம்.

இதில் பில்டப்பை டிசம்பரிலேயே வைத்ததற்குக் காரணம் பணமில்லை. ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல் மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும். பிளவு வேர்வரை போனால் பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது. பில்டப் வைத்து மூன்று நான்கு வாரம் அந்தப் பக்கம் மெல்லாமல் இருக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அவர் கூடாது என்றால் கூடாதுதான். இப்படி மிச்சம் பிடிக்கப் போய்ப் பல்லையே இழந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஜனவரி என்று குறித்ததை வேலைப்பளுவில் மே மாதம்வரை தள்ளிவிட்டார். அதனால் பிரிப்பதாக முடிவெடுத்தால், டிசம்பர் வேலை முடிந்து மேசையைத் தாண்டும் முன்பே ஜனவரித் தேதியை வாங்கிவிடுங்கள்.

இப்போது செதுக்கிய தேதி, ஒட்டிய தேதி விஷயம். ஒட்டிய தேதிதான் கணக்கு என்னும் திட்டத்தில், டிசம்பர் மூன்றாம் வாரம் பல்லைச் செதுக்கித் தற்காலிகக் கிரவுன் போட்டு, ஜனவரியில் நிரந்தரக் கிரவுனை ஒட்டினால் புது ஆண்டில் சேரும். பல்லுக்கும் பாதுகாப்பு. செதுக்கிய தேதிதான் கணக்கு என்றால் செதுக்குவதே ஜனவரியில் இருக்க வேண்டும். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் மேலே போட்ட கணக்கு முழுவதும் கவிழும். நடந்த தேதியை மாற்றி பில் அனுப்பச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள், அது மோசடி. நல்ல மருத்துவமனை செய்யாது.

8. எஃப்எஸ்ஏ பணம்

மருத்துவச் செலவுக்காக வரிக்கு முன் சம்பளத்தில் பிடித்து வைக்கும் எஃப்எஸ்ஏ-வில் 2025-க்கு உச்சம் 3,300 டாலர், 2026-க்கு 3,400. ஆண்டுக் கடைசியில் மீந்தால் உங்கள் நிறுவனம் மூன்றில் ஒன்றைச் செய்யும்: மார்ச் 15 வரை அவகாசம், அல்லது ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்கு விடுவது (2025-லிருந்து 2026-க்கு அதிகபட்சம் 660 டாலர்), அல்லது இரண்டுமே இல்லை. எது என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள்.

காப்பீடு போக நீங்கள் கட்டும் பங்கு, கிரவுன், இரவில் பல் கடிப்பவர்களுக்கான நைட் கார்டு எல்லாம் இதில் செல்லும். பற்களை வெள்ளையாக்குவது செல்லாது. பற்பசையும் பிரஷும்கூடச் செல்லாது.

பலர் கவனிக்காத வசதி ஒன்று உண்டு. அடுத்த ஆண்டுக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் முழுத் தொகையும் ஆண்டின் முதல் நாளிலேயே செலவழிக்கக் கிடைக்கும். சம்பளத்தில் மெல்ல மெல்லத்தான் பிடிப்பார்கள். ஜனவரியில் கிரவுன் என்று முடிவாகிவிட்டால், அடுத்த ஆண்டுத் திட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் நவம்பர் பதிவின்போதே அந்தத் தொகையைச் சேர்த்துக் குறியுங்கள். எச்எஸ்ஏ (அதிக டிடக்டிபிள் உள்ள மருத்துவத் திட்டத்தோடு வரும் சேமிப்புக் கணக்கு) வைத்திருப்பவர்களுக்கு அவசரம் வேண்டாம், அந்தப் பணம் காலாவதி ஆகாது.

9. பிள்ளைகள்

டிசம்பர் கடைசி வாரத்துக்கு எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். இங்கே நியூஜெர்சியில் நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் மாநாட்டுக்காகப் பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை வரும், அதைப் பிடியுங்கள்.

ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் பன்னிரண்டு வயதில் முளைப்பதற்கும் சீலன்ட் (பல்லின் மேல்குழிகளை மூடும் பூச்சு) போடலாமா என்று கேளுங்கள். பல திட்டங்கள் குறிப்பிட்ட வயது வரைதான் இதற்குப் பணம் தரும், ஒரு பிறந்தநாள் தாண்டினால் நின்றுவிடும். பல்கம்பி கட்டுவதற்கான தொகை வேறு கணக்கு: பெரும்பாலும் வாழ்நாளுக்கு ஒருமுறை, அதனால் டிசம்பர் அவசரம் இல்லை.

அப்பா அம்மா இருவரிடமும் காப்பீடு இருந்தால், பிள்ளைகளுக்கு யாருடைய பிறந்தநாள் ஆண்டில் முதலில் வருகிறதோ அவருடையதுதான் முதன்மை. மார்ச் பிறந்த அம்மா, ஆகஸ்ட் பிறந்த அப்பா என்றால் அம்மாவுடையது. யார் மூத்தவர் என்பதைப் பார்ப்பதில்லை. மாற்றிக் கொடுத்தால் இரண்டு நிறுவனமும் பில்லைத் திருப்பி அனுப்பும்.

10. டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பல்லைப் பார்க்க நினைப்பவர்கள்

சென்னையிலோ கோவையிலோ செலவு குறைவு, பேச்சும் புரியும், நியாயமான யோசனைதான். ஆனால் ஊருக்குப் போனதும் கல்யாணம், கோயில், சொந்தக்காரர் வீடு என்று இரண்டு வாரம் ஓடிவிடும், கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது பல் மருத்துவரிடம் போவார்கள். ரூட் கெனாலும் கிரவுனும் வேண்டுமென்றால் இறங்கிய முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஒட்டிய பிறகு கடிப்பதில் உயரம் சரியில்லை என்றால் திருத்த நாள் வேண்டும். இம்பிளான்ட் என்றால் எலும்போடு சேர மாதக்கணக்கில் ஆகும், ஒரே பயணத்தில் முடிப்பது கடினம்.

பில்லில் நோயாளி பெயர், தேதி, பல் எண், சிகிச்சை, தொகை தனித்தனியாக இருக்கட்டும். வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உங்கள் காப்பீடு பணம் தருமா என்பதைக் கிளம்பும் முன் கேளுங்கள், அவசரத்துக்கு மட்டும் தரும் திட்டங்கள் உண்டு. எஃப்எஸ்ஏ-வில் இந்தச் செலவைக் கேட்கலாம்.

பல் எண்ணில் ஒரு குழப்பம் வரும். கீழ்த்தாடை வலதுபக்க முதல் கடைவாய்ப்பல்லை நம் ஊரில் 46 என்பார்கள், அமெரிக்காவில் அது 30. இங்கே எடுத்த எக்ஸ்ரேயையும் கையில் கொண்டுபோங்கள். எண் குழம்பினாலும் படம் குழம்பாது.

இங்கே வரும் அம்மா அப்பாவுக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில் வழக்கமான பல் சிகிச்சை பொதுவாக அடங்காது. ஆடும் பல், பழைய பல்செட் எல்லாவற்றையும் விமானம் ஏறும் முன் அங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

11. தீபாவளி முதல் புத்தாண்டு வரை வாயைப் பார்த்துக்கொள்வது

தீபாவளிப் பலகாரம், ஹாலோவீன் மிட்டாய், கிறிஸ்துமஸ் கேக் என்று இரண்டு மாதம் வீட்டில் இனிப்பு தீராது. எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பதும் சொத்தையைத் தீர்மானிக்கும். ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் உருவாகிப் பல்லைத் தாக்கும். அதனால் மைசூர்பாகை நாளெல்லாம் கிள்ளிக் கிள்ளித் தின்பதைவிடச் சாப்பாட்டோடு ஒரே முறையாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிடுவது நல்லது.

தற்காலிகக் கிரவுன் இருப்பவர்கள் முறுக்கு, கடலை உருண்டை, சூயிங் கம் மூன்றையும் விட்டுவிடுங்கள். தீபாவளிக்கு மறுநாள் கையில் கிரவுனோடு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கழன்றால் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள், பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டலாம்.

ஊரிலிருந்து வரும் மூலிகைப் பற்பசை சிலவற்றில் ஃப்ளூரைடு இருக்காது, உறையைப் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு பசை, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. இரவு தேய்த்த பிறகு பால்கூட வேண்டாம்.

12. திட்டத்தை மாற்றும் முன்

ஆண்டுக் கடைசிப் பதிவில் மாதம் சில டாலர் குறைகிறதே என்று வேறு திட்டத்துக்குத் தாவும் முன் ஒரு கேள்வி: பாதியில் நிற்கும் வேலை ஏதாவது உண்டா? பழைய திட்டத்தில் செதுக்கி, புதிய திட்டத்தில் ஒட்டினால், "எங்களிடம் சேரும் முன் தொடங்கியது" என்று புதியது மறுக்கலாம். "எங்களை விட்டுப் போன பின் முடிந்தது" என்று பழையதும் மறுக்கலாம். காத்திருப்புக் காலம், மருத்துவர் புதிய வலைப்பின்னலில் (நிறுவனத்தோடு கட்டண ஒப்பந்தம் உள்ள மருத்துவர்கள்) இருக்கிறாரா என்பதையும் பாருங்கள். இதை மருத்துவமனையிடமே கேட்பது மேல், காப்பீட்டு இணையதளப் பட்டியல் பழையதாக இருக்கலாம்.

வேலை மாறுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. சில நிறுவனங்களில் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடியும், சிலவற்றில் மாதக் கடைசி வரை இருக்கும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் கோப்ரா (வேலை விட்ட பிறகும் அதே காப்பீட்டைத் தொடரவிடும் சட்டம்) வழியாகப் பல் காப்பீட்டையும் சொந்தப் பணத்தில் தொடரலாம், முடிவெடுக்க 60 நாள் உண்டு.

13. ஜனவரியில் செய்ய வேண்டியது

டிசம்பர் சிகிச்சைக்கான இஓபி தாள் (எதற்கு எவ்வளவு தந்தோம் என்று காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விளக்கம்) ஜனவரியில் வரும். அது பில் இல்லை. அதிலுள்ள "நோயாளியின் பங்கு" என்ற தொகையை மருத்துவமனை பில்லோடு ஒத்துப் பாருங்கள். வலைப்பின்னலுக்குள் உள்ள மருத்துவர், ஒப்பந்தக் கட்டணத்துக்கு மேல் அதே சிகிச்சைக்கு உங்களிடம் கேட்கக்கூடாது. மறுத்திருந்தால் காரணக் குறிப்பைப் படியுங்கள். பல சமயம் எக்ஸ்ரே இணைக்கவில்லை, குறியீடு தவறு என்பது போன்ற சின்ன விஷயமாக இருக்கும், எங்களைக் கூப்பிட்டால் மறுபடி அனுப்புவோம். வேலையிடத் திட்டங்களில் மேல்முறையீடு செய்யப் பொதுவாக 180 நாள் அவகாசம் உண்டு.

அப்புறம், புது ஆண்டில் முதல்முறை வரும்போது புது அட்டையை மேசையில் கொடுங்கள். பழைய எண்ணுக்கே அனுப்பித் திரும்பி வரும் பில்கள்தான் என் ஜனவரி மாதத்தில் பாதியைத் தின்கின்றன, நோயாளிகளும் அதுவரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.